சல்யூட் அடி, ஆனால் நீ அரசாங்கமில்லை!

எதிர்வீட்டுக்காரரை மனுஷனாகவே மதிக்கமாட்டேன், ஆனால் என்னைப் பார்த்தால் அவர் எழுந்து நின்று கும்பிடவேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் என்ன சொல்வீர்கள்? 1914ல் அமெரிக்கா, பக்கத்து நாடான மெக்சிகோவிடம் அப்படித்தான் அடம்பிடித்தது.

கதை 1913 பிப்ரவரியில் ஆரம்பம். மெக்சிகோவில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் மதேரோ. அவருக்கு எதிராகக் கலகம் வெடிக்க, அதை அடக்கும் பொறுப்பை ஜெனரல் வேர்த்தாவிடம் கொடுத்தார். ஜெனரல் கலகக்காரர்களோடு கைகோத்துவிட்டார். அந்த ஒப்பந்தம் முடிவானது எங்கே தெரியுமோ? அமெரிக்கத் தூதரகத்தில். தரகர் வேலை பார்த்தவர், தூதர் ஹென்றி லேன் வில்சன்.

சட்டத்துக்கும் ஒரு சலாம் வைத்தார்கள். மதேரோவையும் துணை அதிபரையும் மிரட்டி ராஜினாமா வாங்கினார்கள். வெளியுறவு மந்திரி அதிபரானார். வேர்த்தாவை உள்துறை மந்திரியாக்கினார். உடனே தானும் ராஜினாமா செய்தார். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத ஆட்சி அது! அடுத்த வாரிசு உள்துறை மந்திரி. ஆக, வேர்த்தா அதிபர். மூன்றாம் நாள் இரவு மதேரோவையும் துணை அதிபரையும் சுட்டுக் கொன்றார்கள்.

மார்ச் மாதம் அமெரிக்காவில் உட்ரோ வில்சன் பதவியேற்றார். அதுவரை அமெரிக்க வழக்கம் எளிது. நாற்காலி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அரசாங்கம். எப்படி வந்தார் என்று கேட்பதில்லை. வில்சன் கேட்டார். கொலை செய்து வந்தவரை ஏற்கமாட்டேன் என்றார். பிரிட்டன் அங்கீகரித்துவிட்டது. அதற்கு மெக்சிகோ எண்ணெயில் அக்கறை இருந்தது.

சரி, அங்கீகரிக்காவிட்டால் ஒதுங்கியிருக்கலாமே? முடியாது. பக்கத்து வீடு. அமெரிக்கர்களின் பணம் அங்கே சுரங்கத்திலும் ரயிலிலும் எண்ணெயிலும் கிடந்தது. எனவே தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, ஜான் லிண்ட் என்பவரைத் தன் சொந்தப் பிரதிநிதியாக அனுப்பினார் வில்சன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. சொல்லப்போன சேதி: சண்டையை நிறுத்து, தேர்தல் நடத்து, நீ அதில் நிற்காதே. மாட்டேன் என்றது மெக்சிகோ. 1914 பிப்ரவரியில் ஆயுதத் தடையை நீக்கினார் வில்சன். வேர்த்தாவின் எதிரிகளுக்குத் துப்பாக்கி தாராளமாகப் போக ஆரம்பித்தது.

ஏப்ரல் 9. தாம்பிகோ துறைமுகத்தில் பெட்ரோல் வாங்க இறங்கிய அமெரிக்க மாலுமிகளை வேர்த்தாவின் சிப்பாய்கள் பிடித்துப் போனார்கள். சீக்கிரமே விடுவித்து மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. போதாது என்றார் அமெரிக்க அட்மிரல் மேயோ. எங்கள் கொடியை ஏற்றி 21 குண்டு முழங்கி மரியாதை செய்!

வேர்த்தா லேசுப்பட்டவரா? பதிலுக்கு நீங்களும் எங்கள் கொடிக்கு முழங்குவீர்களா, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தால் அங்கீகரித்த மாதிரி ஆகிவிடும். கொடுக்காவிட்டால், இல்லாத அரசாங்கத்திடம் சல்யூட் கேட்ட மாதிரி ஆகும். வசமான சிக்கல்.

சிக்கலைப் பீரங்கியால் அவிழ்த்தார் வில்சன். ஜெர்மன் கப்பல் ஒன்று ஆயுதங்களோடு வெராகுரூஸுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஏப்ரல் 21 அன்று அமெரிக்கப் படை இறங்கிச் சுங்கச்சாவடியைப் பிடித்தது. வரி வசூலாகும் கல்லாப்பெட்டி அதுதான். கடற்படைப் பள்ளி மாணவர்கள்கூட எதிர்த்துச் சண்டையிட்டார்கள். மெக்சிகர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயுதங்கள்? அந்தக் கப்பல் பிற்பாடு வேறொரு துறைமுகத்தில் நிதானமாக இறக்கிவிட்டுப் போனது!

யாருக்காக இதெல்லாம் என்றாரோ, அந்த எதிரணித் தலைவர் கரான்சாவே கொதித்துவிட்டார். என் மண்ணில் உனக்கென்ன வேலை? அர்ஜெண்டினா, பிரேசில், சிலி மூன்றும் பஞ்சாயத்துக்கு வந்தன. ஜூலையில் வேர்த்தா விலகி நாட்டைவிட்டே ஓடினார். நவம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. 1915 அக்டோபரில் கரான்சாவுக்கு அங்கீகாரம் கிடைத்தது.

வில்சன் நினைத்தது நடந்ததா? நடந்தது. கொலைகாரர் போனார். ஆனால் அங்கீகாரம் என்பது, கொடுக்கிறவரைக்கும்தான் பெரியவர் கையில் ஆயுதம். கொடுக்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்த வீட்டு விவகாரம் ஒவ்வொன்றிலும் தலையிட்டால், நல்ல நோக்கம்கூடப் படையெடுப்பாகத்தான் தெரியும். வெராகுரூஸில் செத்துப்போன மாணவர்கள், மெக்சிகோவில் இன்றும் வீரர்கள். அவர்கள் வேர்த்தாவுக்காகச் சண்டையிட்டதாக அங்கே யாரும் நினைப்பதில்லை.