தீவகத்து இளம் வணிகரும் கடைப் பயிற்சி மரபும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்னும் பொதுப்பெயரால் வழங்குகிறோம். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய லைடன் தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் என்பன அவற்றுள் முக்கியமானவை. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டிச் சென்றனர். காரைதீவை அம்ஸ்ரர்டாம் என்றனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. வணிக நகரங்களின் பெயரைப் பெற்ற இத்தீவுகள் பிற்காலத்தில் வணிகரையே விளைவித்தமை தற்செயல்தான். ஆயினும் அவ்விளைச்சல் எவ்வாறு நிகழ்ந்தது என்பது நம் வரலாற்றெழுத்தில் போதிய இடம் பெறவில்லை. கோட்டையும் கோயிலும் பேசப்பட்ட அளவுக்குக் கடை பேசப்படவில்லை.

கிராமத்து இளைஞர் சிறுதொழில் தொடங்க உதவவேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. உதவி என்றதும் கடன் என்றே பொருள்கொள்கிறோம். தீவகத்தின் அனுபவமோ வேறு வகையானது.

தீவகத்து மண் ஆழங்குறைந்தது, கீழே சுண்ணாம்புக்கல். கிணறுகள் பலவற்றில் உவர்நீர். மழையை நம்பிய ஒருபோக நெல்லும், பனையும், கடலுமே பெரும்பாலோரின் வாழ்வாதாரம். பாய்க்கப்பல்கள் தென்னிந்தியக் கரையோடு தொடர்பு வைத்திருந்த காலத்தில் ஊர்காவற்றுறை சிறந்த துறைமுகமாக விளங்கியது. அவ்வணிகம் தளர்ந்தபோது, 1905இல் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த புகையிரதப் பாதை வேறொரு வழியைத் திறந்தது. யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தென்னிலங்கையில் நல்ல கிராக்கி இருந்தது. சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை எனப் படிப்படியாகத் தெற்கிலும் மலையகத்திலும் தீவகத்தார் பரவினர்.

அவர்கள் முதல் உள்ளவர்களாகச் சென்றவர்கள் அல்லர். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய பையனை அம்மானோ சித்தப்பாவோ ஊரவர் ஒருவரோ அழைத்துச்சென்று தம் கடையில் சேர்த்துக்கொள்வார். தொடக்கத்தில் கூட்டுதல், தேநீர் வைத்தல், சரை சுற்றுதல்; பின்னர் தராசு; அதன்பின் கல்லாப்பெட்டி; இறுதியாகக் கணக்கும், புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் கொள்வனவும். இதற்கிடையே சிங்களம் தானாகவே நாவில் ஏறிவிடும். சம்பளத்தின் பெரும்பகுதி கைக்கு வராது, பேரேட்டிலே பற்று வரவாக நிற்கும். கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது ஒரு தொகை வீட்டுக்குப் போகும். ஆண்டுகள் சில கழிந்து, பையன் தேறிவிட்டான் என்று முதலாளி கண்டால், பேரேட்டில் நின்ற தொகையோடு கடனாகச் சரக்கும் கொடுத்து, வேறொரு பட்டினத்தில் தனிக்கடை போடவைப்பார். மொத்த வியாபாரியிடம் அவர் சொல்லும் ஒரு சொல்லே பிணை. திருமணத்தின்போது வந்த சீதனப் பணம் கடை முதலாக மாறியதும் உண்டு.

அக்காலக் கடன்நிலையை நோக்கினால் இவ்வொழுங்கின் பெறுமதி விளங்கும். வெளிநாட்டு வங்கிகள் சிறு வணிகரை நெருங்கவிடவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் கடன் பெறுவதற்கும் பெயரும் பிணையும் வேண்டியிருந்தன. இலங்கையர்க்குக் கடன் வசதி இன்மை பெருங்குறையாக உணரப்பட்டதனாலேயே 1934இல் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. நிலப்பிணை இல்லாத புங்குடுதீவு இளைஞன் ஒருவனுக்கு இவற்றுள் எதுவும் எட்டியிராது. அவனுக்கு எட்டியது ஊரவரின் கடை. அங்கே தொழில் அறிவு முதலில் வந்தது, சந்தை அடுத்து வந்தது, கடன் கடைசியில் வந்தது.

இம்மரபைப் போற்றிப் பாடுவதற்கு நான் முற்படவில்லை. மேசைக்கடியில் உறங்கிய சிறுவர்களின் உழைப்பு அதனுள் அடங்கியிருந்தது. உறவும் சாதியுமே அதன் வாயில். அவற்றுக்குப் புறத்தே நின்றவர்க்கு அது திறக்கவில்லை. பெண்களுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த சீதனத்துக்கு மட்டும் இடம் இருந்தது! தெற்கிலே திரண்ட இலாபம் தீவகத்தில் கோபுரமாகவும் கல்வீடாகவும் பாடசாலைக் கட்டிடமாகவும் எழுந்ததேயன்றி, தீவகத்திலே தொழிலாக எழுந்தது அரிது. வணிகரை உருவாக்கிய ஊர்களில் வணிகம் உருவாகவில்லை என்பதே இம்மரபின் பெருங்குறை எனக் கருதுகிறேன்.

வாயிலுக்குப் புறத்தே நின்றவர்கள் வேறு வழி தேடவேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிய கூட்டுறவு இயக்கம் சீவல் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. எழுபதுகளில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் இவ்வகையில் கவனத்துக்குரியவை. கள் இறக்கியவருக்கு நிலையான கொள்வனவாளரை ஒரு சங்கம் தந்தது. கடை மரபில் ஊர் முதலாளி செய்த வேலையை இங்கே சாதி கேளாத ஓர் அமைப்பு செய்தது எனலாம்.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் கடை மரபை முறித்தன. குறிப்பாக 1983 யூலையில் எரிந்த கடைகளை வெறுஞ் சொத்தழிவாக மட்டும் கணக்கிடுவது போதாது. ஒவ்வொரு கடையும் ஒரு பயிற்சிக்கூடம். எரிந்தபோது அடுத்த தலைமுறையின் தொழிற்கல்வியும் எரிந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அம்மானின் கடையை நோக்கிச் சென்ற பையன்கள் பின்னர் ஐரோப்பாவையும் கனடாவையும் நோக்கிச் சென்றனர்.

2009இன் பின் நிலைமை ஒருவகையில் தலைகீழானது. முன்னர் தீவகத்தார் தெற்கிலே சந்தையைத் தேடிச் சென்றனர். இப்பொழுது சந்தையே படகேறி வருகிறது. நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் நாடி நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர் குறிகட்டுவான் இறங்குதுறையைக் கடந்தே செல்லவேண்டும். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், கருவாடு என அவர்கள் வாங்கிச் செல்லத்தக்கவை யாவும் தீவகத்தின் சொந்தப் பொருள்களே. இவற்றைச் செய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதும் முன்னில்லாத ஒரு வாய்ப்பு.

ஆனால் அவர்களுக்கு முதலில் கிடைத்தது கடன். நுண்நிதிக் கடன்களின் சுமை வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை எத்துணை வருத்தியதெனில், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. பழைய முதலாளி பல ஆண்டுகள் பழக்கியபின் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். நுண்நிதி நிறுவனமோ பணத்தைக் கொடுத்துவிட்டு, தொழில் காலூன்றுமுன்னரே தவணைக்கு வந்து நின்றது. நெடுந்தீவில் ஒடியல் காயவைக்கும் பெண் தன் பொருளைப் படகேற்றிக் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுவரவேண்டும். காற்றுக் கடுமையான நாட்களில் படகு ஓடாது, வட்டி ஓடும்.

பழைய ஒழுங்கினை அப்படியே மீட்பது இயலாது, மீட்கவும் வேண்டியதில்லை. ஆயின் சரக்கறிவு, கொள்வனவாளர், கடன் என்னும் வரிசையை ஒரு கூட்டுறவுச் சங்கத்தினுள் உறவும் சாதியும் பாராது அமைக்க இயலுமா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பேரேடுகளில் பல கடைகளோடு எரிந்துபோயின. 1983இல் இருபது வயதில் தராசு பிடித்து நின்றவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவரைப் பழக்கிய முதலாளிமாருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் நினைவில் உள்ள கணக்குகளைக் கேட்டு எழுதும் பணியை நம் துறை மாணவர் இவ்வாண்டிலேயே தொடங்கலாம்.