தூபக்கால் யாருடையது?

வியாழன் மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும், மங்கலத்தில் எங்கள் தெருவின் வீடுகள் பலவற்றில் சாம்பிராணிப் புகை எழும். விசைத்தறிக் கூடத்தின் பஞ்சுத் தூசியும் எண்ணெய் வாடையும் சற்றுநேரம் விலகி நிற்கும். அண்மையில் ஒருநாள், பாட்டியார் விட்டுச்சென்ற பித்தளைத் தூபக்காலில் நான் கரியை மூட்டிக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான்: "அத்தா, இது மற்ற சமயத்தார் வழிபாட்டுக்கு வைத்திருக்கும் பொருளாயிற்றே, நம் வீட்டில் எதற்கு?" கேள்வி நியாயமானதே. தூக்கி எறிவதற்கு முன் அதன் வரலாற்றைப் பார்த்துவிடுவோம் என்றேன்.

தூபக்காலைப் பெருங்கலையாக வளர்த்தவர்கள் சீனர்கள். கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்னும் ஹான் இளவரசரின் கல்லறை 1968இல் மான்செங்கில் திறக்கப்பட்டபோது, பொன்னிழை பதித்த வெண்கலத் தூபக்கால் ஒன்று கிடைத்தது. அதன் மூடி அடுக்கடுக்கான மலை வடிவில் அமைந்தது. சிகரங்களுக்கிடையே உள்ள துளைகள் வழியே புகை கசியும்போது மலையை மேகம் சூழ்ந்தாற்போல் தோன்றும். பௌத்தம் பரவியபின் தூபக்கால் மடங்களுக்குள் சென்றது. முன்னோர் வழிபாட்டிலும் இடம்பெற்றது. அதே பாத்திரம் அறிஞரின் படிப்பறையில் மனத்தை ஒருமுகப்படுத்தவும், அந்தப்புரத்தில் ஆடைகளுக்கு மணமூட்டவும் பயன்பட்டது. ஆகவே, தொடக்கம் முதலே அது ஒரே ஒரு செயலுக்கென்று கட்டுப்பட்டதன்று.

சீனரிடம் பாத்திரம் இருந்தது. அதில் இடும் நறுமணப் பொருள்களிற் பெரும்பகுதி கடல் கடந்து வரவேண்டியிருந்தது. குந்திருக்கம் தென் அரேபியாவின் ளுஃபாரிலிருந்தும் சோமாலியக் கரையிலிருந்தும் வந்தது. அகில் சம்பா நாட்டிலிருந்து வந்தது. சுங் அரசர் காலத்தில் (960–1279) இவ்வணிகம் உச்சமடைந்தது. அரபியர் 'ஸைத்தூன்' என்றழைத்த சுவான்சோ துறைமுகமே அதன் வாயில். அங்கே முஸ்லிம் வணிகர்களின் பழம் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தமிழ் வணிகர்கள் 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் அவ்வூரில் கிடைத்துள்ளது. அத்துறைமுகத்தருகே 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கிற் பெரும்பகுதி மணமரங்களே.

இவ்வரலாற்றில் தமிழும் இஸ்லாமும் சீனமும் ஒரே கல்லில் சந்தித்த இடம் இலங்கையின் காலி நகரம். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ, யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். அவர் கொணர்ந்த கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தும் அமைந்தவை. பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு செம்புத் தூபக்கால்களும் சந்தனமும் சீனப் பகுதியில் இடம்பெறுகின்றன. இத்தகைய கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது, வடிகால் ஒன்றின் மேல் குப்புறக் கிடந்தது! இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செங் ஹோவின் பயணங்களிற் சிலவற்றில் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவானும் முஸ்லிமே. ளுஃபார் மக்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு நம் கேள்விக்கு நேராகவே வருகிறது. தொழுகை நாளில் அவர்கள் குளித்துத் தூய ஆடை அணிவார்கள். சிறு மண் அடுப்பில் அகிலும் சந்தனமும் அம்பரும் இட்டு, அதன்மேல் நின்று உடைக்கும் உடலுக்கும் மணமேற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்வார்கள். தொழுது திரும்பும் வழியில் கடைத்தெரு முழுதும் மணக்கும் என்கிறார். தூபக்காலைப் பெருங்கலையாக வளர்த்த சீனத்திலிருந்து சென்றவர், அதே வழக்கத்தை முஸ்லிம்களிடம் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

சீன முஸ்லிம்களும் அப்பாத்திரத்தை ஒதுக்கவில்லை. உருவங்களை விடுத்து, அரபு எழுத்துகளைப் பொறித்த தூபக்கால்களை மிங் காலத்திலிருந்து வார்த்து வந்தார்கள். தூபக்கால், மணப்பொருட் சிமிழ், கரண்டியும் குச்சிகளும் வைக்கும் சிறு குவளை என மூன்றும் ஒரே தொகுதியாக அமைந்தவை பல, இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

மதீனாவையே பார்த்தாலும், அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து ஹதீஸ்களை அறிவித்தவர்களுள் நுஐம் என்பாருக்கு 'அல்முஜ்மிர்' என்பது பட்டப்பெயர். நறும்புகை இடுபவர் என்பது அதன் பொருள்; நபிப்பள்ளியில் நறும்புகை இடும் பணியினால் வந்த பெயர் அது.

இவ்வளவையும் கேட்ட மகன், "அப்படியானால் தூபக்கால் யாருடையது?" என்றான். பித்தளைக்குச் சமயம் இல்லை. அதன்முன் நிற்பவரின் நிய்யத்துக்கே கணக்கு என்றேன். வணங்கப்படும் ஒன்றின்முன் அது புகைந்தால் அதன் பொருள் வேறு. தொழுகைக்கு முன் வீட்டையும் உடையையும் மணக்கச் செய்யப் புகைந்தால் அதன் பொருள் வேறு. இதற்கு மேலான மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. பழைய பொருளொன்றை வெறுத்து ஒதுக்குமுன் அது வந்த வழியைக் கேட்டறிவது நம் கடமை.

அடுத்த வியாழன் கரியை மூட்டியவன் அவனே.