இப்போது வாங்குவதா, காத்திருப்பதா? தொலைத்தொடர்பு வரலாறு தரும் விடை



"சார், இப்போ போன் வாங்கலாமா, இல்ல புதுசு வரட்டும்னு இருக்கலாமா?" இந்தக் கேள்வியை வகுப்பில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். விடையை விளம்பரத்தில் தேட வேண்டாம், வரலாற்றில் தேடுவோம்.

நம் பேராக்கிற்கு இதில் பழைய இடம் உண்டு. 1876-இல் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் தந்திக் கம்பி இணைத்தது. நாட்டின் முதல் கைப்பேசிச் சேவையான ஆத்தூர் 450, 1985-இல் தொடங்கியது. பிறகு 2ஜி வந்தது. 2005-இல் 3ஜி வந்தது. 2007-இல் நான்கு நிறுவனங்களுக்கு வைமேக்ஸ் உரிமம் கிடைத்தது. ஆனால், உலகம் எல்.டி.இ. பக்கம் திரும்பியதும் வைமேக்ஸ் மோடம்கள் வெறும் பெட்டிகளாயின.

அடுத்ததைக் கவனியுங்கள். ஜெண்டேலா திட்டத்தின்கீழ் 31.12.2021-இல் 3ஜி நிறுத்தப்பட்டது. அதைவிடப் பழைய 2ஜி-யோ, பேசுவதற்காக விட்டு வைக்கப்பட்டது. ஆக, பழையதுதான் முதலில் போகும் என்பது தவறு. கருவியின் ஆயுளை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அலைவரிசையை எதற்கு ஒதுக்குவது என்ற அரசின் முடிவும், நிறுவனங்களின் இலாபக் கணக்கும், உலகச் சந்தையும் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் காத்திருப்பது நல்லதா? சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில் என் மாணவி ஒருத்தி இருந்தாள். "அடுத்த வருஷம் விலை குறையும்மா, பொறு" என்று அவள் அப்பா தள்ளிப்போட்டார். 18.3.2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளி மூடியது. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாடம் இரவில்தான். பிறகு அவசரத்தில் மலிவாக ஒரு பழைய போன் வாங்கினார். அது 3ஜி-யோடு நின்றுவிடும் ரகம். 2022 பிறந்தபோது அதில் பேச முடிந்தது, இணையம் இல்லை.

காத்திருந்ததும் நட்டம், விசாரிக்காமல் வாங்கியதும் நட்டம். அவர் மேல் குற்றமில்லை. 3ஜி போகப் போகிறது என்று அந்த லயத்துக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நமக்கோ தெரிந்திருந்தது, நாமும் சொல்லவில்லை.

எனவே பெற்றோர் கேட்டால் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்:

1. இன்றே தேவையா? தேவை என்றால் காத்திருக்க வேண்டாம்; போன படிப்பு திரும்பாது.
2. இந்தக் கருவி எந்த அலையில் ஓடுகிறது? அதை நிறுத்தும் அறிவிப்பு ஏதும் உண்டா?
3. ஈப்போவில் கிடைக்கும் அலை நம் தோட்டத்திலும் கிடைக்கிறதா?

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: "மாற்றமும் தொடர்ச்சியும்" பற்றிக் கேள்வி வந்தால் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். யார் முடிவெடுத்தார், யார் விலை கொடுத்தார் என்றும் எழுதுங்கள். வரலாறு அங்கேதான் இருக்கிறது.