இருளில் ஒளிரும் குறிமுனை

குற்றாலம் வரும் நீங்கள் அருகிலுள்ள செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை அவர் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அது முற்பகல் நேரம். இருட்டாயிருந்தால் அதன் இரும்புக் குறிமுனை கண்ணுக்குத் தெரிந்திராது அல்லவா?

முதல் உலகப் போரில் இக்குறையைத் தீர்க்க ரேடியம் வந்தது. அதன் ஆல்பாத் துகள்கள் துத்தநாக சல்பைடில் மோதும்போது ஒளி பிறக்கிறது. இச்சாயத்தைக் கடிகார முகப்பிலும் குறிமுனையிலும் பூசினார்கள். அமெரிக்காவில் கடிகாரங்களுக்குப் பூசிய இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். உள்ளே சென்ற ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் தங்கியது. தாடை அரிக்கப்பட்டுப் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் வழக்காடி 1928இல் இழப்பீடு பெற்றனர்.

இன்று குறிமுனையில் இருப்பது கண்ணாடிக் குழாயில் அடைத்த டிரிடியம் வாயு. அதன் பீட்டாத் துகள் கண்ணாடியைத் தாண்டாது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதற்குள் ஒளி பாதியாகிவிடும். ரேடியத்துக்கோ சுமார் 1,600 ஆண்டு!

ஆகவே, ஒளி மங்கிய பழைய ரேடியம் கடிகாரம் பரணில் கிடைத்தால் ரேடியம் தீர்ந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். பழுதானது துத்தநாக சல்பைடே. அதைத் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம்.