செப்டிக் டேங்க்: மண்ணுக்குள் மூடி வைத்த வரலாறு

புது வீடு கட்டும்போது வாசல் எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை என்று நாள்கணக்கில் பேசுவோம். கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பெரும்பாலான கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. அதனால் கொல்லையில் ஒரு செப்டிக் டேங்க். அத்தோடு மறந்துவிடுவோம். இந்தத் தொட்டிக்கும் ஒரு கதை இருக்கிறது நண்பர்களே!

பிரான்சில் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுக்காக ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் ஆச்சரியம், எதிர்பார்த்த அளவு திடக்கழிவு இல்லை. 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் இதே வழியில் பெரிய தொட்டி ஒன்றை அமைத்து, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். செப்டிக் என்றால் அழுகச் செய்வது.

வேலை செய்யும் விதம் எளிது. கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடாக மிதக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடைச் செரிக்கும். நடுவில் உள்ள நீர் வெளியேறும். ஆனால் அது சுத்தமான நீர் அல்ல. உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். நம் ஊர்களில் பலர் உறிஞ்சுகுழியை விட்டுவிட்டுத் தெருச் சாக்கடையில் குழாயைத் திருப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், கசடு முழுக்கக் கரையாது. சில வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். யார் எடுப்பது? இங்கேதான் கதை கசக்கிறது. தொட்டிக்குள் விஷவாயு தேங்கும். இறங்கியவர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. அந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 1993-ல் வந்த சட்டம் முக்கியமாக உலர் கழிப்பிடங்களைப் பற்றியது. பாதுகாப்பின்றி செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம்தான் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மாற்று இல்லாமல் இல்லை. பிந்தேஷ்வர் பதக் 1970-ல் பீகாரில் தொடங்கிய சுலப் அமைப்பு இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மறு குழிக்குத் திருப்ப வேண்டும். நீரை மண் உறிஞ்சிவிடும். மூடிய குழியில் இருப்பது ஓரிரு வருஷத்தில் நாற்றமில்லாத எருவாகிவிடும். 2017-ல் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் மத்திய அரசுச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அந்த எருவை அள்ளிக் காட்டினார்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலும் பாறை நிலத்திலும் குழி சரிப்படாது. கிணற்றுக்குப் பக்கத்திலும் கூடாது. அங்கெல்லாம் ஒழுகாத தொட்டியும், கசடை உறிஞ்சும் லாரியும், அதைச் சுத்திகரிக்கும் நிலையமும் சேர்ந்தே வேண்டும்.

'பெரிய தொட்டியாகக் கட்டு, நம் காலத்தில் நிறையாது' என்று சொல்வோர் உண்டு. நிறையும். அன்றைக்கு அதற்குள் யார் இறங்குவார் என்பதை வீட்டு வரைபடம் போடும் நாளிலேயே நாம் தீர்மானித்துவிடுகிறோம். யோசியுங்கள் நண்பர்களே.