எஞ்சின் மிஸ்ஸிங்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் கலவை பற்றாமல் போவதும் அரைகுறையாக எரிவதும் மிஸ்ஸிங் எனப்படும். மெக்கானிக்குகள் ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்பார்கள். ஐடிலில் குலுக்கல், மேட்டில் இழுவைக் குறைவு, சைலன்சரில் விட்டுவிட்டு எழும் ‘புட் புட்’ ஓசை, பெட்ரோல் நெடி ஆகியவை அறிகுறிகள்.

சிலிண்டருக்குள் நெருப்பை வேளை தவறாமல் கொண்டுசேர்ப்பதே தொடக்கக் காலப் பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலி. 1860-இல் எத்தியென் லெனுவா தம் வாயு எஞ்சினை மின்பொறியால் இயக்கினார். 1880-களில் காட்லீப் டைம்லர் அதை விடுத்து, பர்னரால் பழுக்கக் காய்ச்சிய குழாயை நம்பினார். பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே திறந்த சுடர்! ராபர்ட் போஷ் 1887-இல் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் செய்தார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் அதை உயர் மின்னழுத்தத்துக்கு மாற்றி ஸ்பார்க் பிளக்குடன் இணைத்தார். சார்ல்ஸ் கெட்டரிங்கின் பேட்டரி, காயில், பாயிண்ட் முறை 1910-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பல்லாண்டு ஓடியது இந்த வழியில்தான். கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்த தலைமுறையினர் உபரி கண்டென்சர் இல்லாமல் வெளியூர் கிளம்பமாட்டார்கள்.

மிஸ்ஸிங் தரும் கோளாறு பொறியில் இருக்கும், அல்லது பெட்ரோல்-காற்றுக் கலவையில், அல்லது கம்ப்ரஷனில். வீட்டில் தேடும்போதும் இதே வரிசை நல்லது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பிழைக் குறியீடு தெரியும்: பி0301 முதல் சிலிண்டரையும் பி0302 இரண்டாவதையும் காட்டும். பி0300 வந்தால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லை. பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் பி0301 வந்திருந்தால், முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். பி0302 வந்தால் காயில்தான் போயிருக்கிறது; பி0301 மறுபடி வந்தால் பிளக்கைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றலாம். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானத்தையும் காட்டும். ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய கைப்பழக்கம். பல்லாயிரம் வோல்ட் பாயும் இடத்தில் அது வேண்டாத வீரம்.

அடுத்தது கலவை. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்பதை நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியில் காது கொடுத்துக் கேட்கலாம். ‘டிக் டிக்’ சத்தம் வர வேண்டும். வெடித்த வேக்குவம் ஹோஸும் மிஸ்ஸிங் தரும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இன்டேக் வால்வில் கரி படிவதும் ஒரு காரணம்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, பிளாட்டினம், பல்லேடியம் பூசிய அதன் உட்கூட்டை உருக்கிவிடும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்ற நேரலாம். அது வீட்டு வாசலில் செய்கிற வேலையல்ல.