எனேபிள் இந்தியா

எனேபிள் இந்தியா, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைப்பயிற்சி அளித்து வேலைவாய்ப்பும் பெற்றுத்தரும் பெங்களூரு தொண்டு நிறுவனம். சாந்தி ராகவன், தீபேஷ் சுதாரியா தம்பதியர் 1999இல் இதைத் தொடங்கினர். சாந்தியின் தம்பி பதின்வயதில் பார்வை இழக்கத் தொடங்கினார். மேலாண்மைப் பட்டம் பெற்ற பிறகும் பல நேர்காணல்களில் அவர் நிராகரிக்கப்பட்டதே இம்முயற்சிக்குத் தூண்டுதலானது.

பார்வையற்றோருக்கான கணினிப் பயிற்சி தொடக்ககாலப் பணிகளில் முதன்மையானது. திரைவாசிப்பு மென்பொருள் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும்; பயிற்சி பெறுபவர் மவுஸைத் தொடாமல், விசைப்பலகைக் குறுக்குவழிகளைக் கொண்டே கடிதம் தட்டச்சு செய்வார், அட்டவணையில் கணக்குப் போடுவார். பின்னர் செவித்திறன், உடலியக்கம், அறிவுசார் வளர்ச்சி ஆகியவற்றில் குறைபாடு உள்ளோருக்கும் பயிற்சிகள் விரிந்தன.

பயிற்சியோடு பணி நின்றுவிடுவதில்லை. ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் ஆராய்ந்து, எந்தக் கருவி அல்லது மாற்றுமுறை இருந்தால் அதைச் செய்து முடிக்கலாம் என்று வேலை தரும் நிறுவனத்துக்கு எடுத்துக்காட்டுவதும், உடன் பணிபுரிவோரைத் தயார்ப்படுத்துவதும் இதன் வழிமுறை. கர்நாடகக் கிராமப்புற மாற்றுத்திறனாளிகள் சாதாரணக் கைபேசியிலேயே வேலைச் செய்திகளையும் அனுபவங்களையும் பகிர்ந்துகொள்ள ‘நம்ம வாணி’ என்ற குரல்வழிச் சேவையும் உருவாக்கப்பட்டது.

சட்டச் சூழலும் இக்காலத்தில் மாறியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் அவர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 4 விழுக்காடாக உயர்த்தி, அங்கீகரிக்கப்பட்ட குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக விரிவாக்கியது. தனியார் துறையில் இத்தகைய கட்டாய ஒதுக்கீடு இல்லாததால், முதலாளிகளை நேரில் அணுகி நம்பிக்கை ஏற்படுத்தும் இதுபோன்ற அமைப்புகளின் பங்கு இன்றியமையாததாகிறது.